சர்வர்ல பைத்தான் லைப்ரரி: ஆப்ட்ல போடறதா, பிப்ல போடறதா, வென்வ்குள்ள போடறதா?

ஒரு லைப்ரரி போடணும், அவ்ளோதான் வேலை. ஆப்ட்னா ஓஎஸ்ஸோட பேக்கேஜ் இன்ஸ்டாலர், பிப்னா பைத்தானோட இன்ஸ்டாலர், வென்வ்னா ஒரு ஆப்புக்கு மட்டும் தனியா வைக்கற லைப்ரரி ஃபோல்டர். எஸ்எஸ்எச்ல உள்ள போனோமா, ஒரு லைன் அடிச்சோமா, வெளிய வந்தோமான்னு முடியணும். ஆனா டெபியன் 12லயோ உபுண்டு 24.04லயோ போய் பிப் இன்ஸ்டால்னு அடிச்சு பாருங்க, "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்"னு எரர் வந்து முன்னாடி உக்காந்துக்கும். வழியும் அதுவே சொல்லும், ஆப்ட்ல கெடைச்சா அதுல போடு, இல்லன்னா வென்வ் ஒண்ணு உருவாக்கிக்கோ, கமாண்ட் லைன் டூல்னா பிப்எக்ஸ் யூஸ் பண்ணுன்னு வரிசையா சொல்லிட்டு, கடைசில போனா போகுதுன்னு "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்"னு ஒரு ஃப்ளாக் பேரையும் சொல்லி வைக்கும். மேல இருக்கற மூணையும் படிக்காம நேரா அந்த கடைசி லைனுக்கு போறவங்க தான் நெறைய. சிஸ்டம் ஒடையும்னு பேர்லயே எழுதி வச்சிருக்கு, அப்பவும் காப்பி பண்ணி பேஸ்ட் பண்றோம். அந்த ஃப்ளாக் வர்றதுக்கு முன்னாடியே நான் அதே வேலைய சூடோ போட்டு, அதாவது அட்மின் உரிமையோட, பண்ணி நல்லா வாங்கிக்கட்டிட்டேன், அதனால தான் இத எழுதறேன்.

இந்த எரர் ஏன் வருதுன்னு மொதல்ல பாத்துரலாம், அது புரிஞ்சா பாதி முடிவு தானா வந்துரும். சர்வரோட வர்ற பைத்தான் நமக்காக வச்சது இல்ல, ஓஎஸ் தன்னோட வேலைக்கு வச்சிருக்கு. ஃபயர்வாலுக்கு நாம அடிக்கற யூஎஃப்டபிள்யூ, செக்யூரிட்டி அப்டேட்ட தானா போடற அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ், லாக்இன் தாக்குதல தடுக்கற ஃபெயில்2பேன், சைட்டோட எச்டிடிபிஎஸ் சர்டிஃபிகேட்ட புதுப்பிக்கறதுக்கு ஆப்ட்ல போட்ட செர்ட்பாட், இதெல்லாம் பைத்தான்ல எழுதினது, எல்லாம் ஒரே சிஸ்டம் பைத்தானையும் ஒரே லைப்ரரி ஃபோல்டரையும் நம்பி ஓடுது. பழைய சென்ட்ஓஎஸ் 7ல ஆப்ட் மாதிரி இருக்கற யம்மே பைத்தான் 2ல தான் ஓடும், அங்க சிஸ்டம் பைத்தான மாத்தி வச்சவங்க கதைய கேட்டிருப்பீங்க, யம் ஓடாது, அத சரி பண்ண பேக்கேஜ் போடணும், பேக்கேஜ் போட யம் வேணும். இந்த கூத்துக்கெல்லாம் சேத்து தான் பெப் 668னு ஒரு பைத்தான் விதி வந்துச்சு. வேலை செய்ற விதம் ரொம்ப சிம்பிள், பைத்தானோட லைப்ரரி ஃபோல்டர்ல "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு"னு பேர் வச்ச ஒரு சின்ன ஃபைல் கெடக்கும், அது இருந்தா பிப் கைய வைக்காது. அந்த ஃபைல டெலீட் பண்ணிட்டா சரியாயிடும்னு சொல்றவங்களும் இருக்காங்க. எரர் போயிரும், வாஸ்தவம் தான்.

என் கதைய சொல்றேன். உபுண்டு 20.04 சர்வர் ஒண்ணு, அதுல ஏதோ ஒரு ஏபிஐ கிளையன்ட் லைப்ரரி வேணும்னு சூடோ பிப்3 இன்ஸ்டால் அடிச்சேன். அப்போ இந்த தடுப்பெல்லாம் கெடையாது, கமுக்கமா போட்டுருச்சு. அவுட்புட்டுக்கு நடுவுல ஒரு லைன் வந்துச்சு, கிரிப்டோகிராஃபி பேக்கேஜோட பழைய வெர்ஷன அன்இன்ஸ்டால் பண்ணல, அது நம்ம எல்லைக்கு வெளிய இருக்குங்கற மாதிரி, நான் படிக்கவே இல்ல. நடந்தது என்னன்னா ஆப்ட் போட்ட பழைய கிரிப்டோகிராஃபி யூஎஸ்ஆர் லிப் ஃபோல்டர்ல அப்படியே இருக்கு, பிப் கொண்டு வந்த புதுசு யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டர்ல போய் உக்காந்துச்சு, பைத்தான் இம்போர்ட் பண்றப்போ லோக்கல தான் மொதல்ல பாக்கும். செர்ட்பாட்டுக்கு வேண்டிய பைஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி மட்டும் ஆப்ட்டோட பழசு. அந்த பழசு ஒரு பேர தேடுது, எக்ஸ்509னு ஆரம்பிச்சு இஷ்யூவர் செக்னு முடியற நீளமான பேரு, புது கிரிப்டோகிராஃபில அத தூக்கிட்டாங்க. அதனால செர்ட்பாட் ஓட ஆரம்பிச்ச ஒடனே அட்ரிபியூட் எரர்.

இதுல கொடுமை என்னன்னா ஒண்ணுமே தெரியாது. செர்ட்பாட் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ தானா ஓடும், சர்டிஃபிகேட் முடிய 30 நாள் இருக்கறப்போ புதுப்பிக்கும். அந்த 30 நாளும் தினம் ரெண்டு தடவ ஃபெயில் ஆயி லாக்ல எழுதிட்டே இருந்திருக்கு, யார் பாத்தா? சைட் ஓப்பன் பண்ணா பிரவுசர் சிவப்பா பயமுறுத்துதுன்னு போன் வந்தப்புறம் தான் பாத்தேன். சரி, போட்டத எடுத்துரலாம்னு பிப் அன்இன்ஸ்டால் அடிச்சா பிப்பும் அதே எரர கக்கிட்டு செத்துப்போச்சு, ஏன்னா அந்த வெர்ஷன் பிப்பும் உள்ளுக்குள்ள அதே பைஓப்பன்எஸ்எஸ்எல்ல தான் இழுக்குது. கடைசில யூஎஸ்ஆர் லோக்கல்குள்ள போய் அந்த ஃபோல்டர கையாலேயே ஆர்எம் கமாண்ட்ல அழிச்சு தான் மீண்டேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு சின்ன லைப்ரரி, அது கூட கிரிப்டோகிராஃபி வரும்னு நான் நெனச்சு கூட பாக்கல.

அதனால இப்ப எந்த டூல் நல்லதுன்னு நான் ஆரம்பிக்கறதே இல்ல, இந்த லைப்ரரி ஓஎஸ்க்கு சொந்தமா என் அப்ளிகேஷனுக்கு சொந்தமான்னு தான் மொத கேள்வி. அத வச்சு ஒவ்வொண்ணா பாப்போம்.

ஆப்ட். சர்வர பராமரிக்கறதுக்கு நீங்க எழுதற ஸ்கிரிப்ட், அதாவது டிஸ்க் நெறஞ்சா மெயில் அனுப்பற மாதிரி, யேமல் ஃபைல படிச்சு கான்ஃபிக் எழுதற மாதிரி, இதுக்கெல்லாம் ஆப்ட் தான் பெஸ்ட்னு கண்ண மூடிட்டு சொல்வேன். பைத்தான்3 ஹைஃபன் யேமல், பைத்தான்3 ஹைஃபன் ரெக்வெஸ்ட்ஸ்னு போட்டா முடிஞ்சுது. பேர் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி இருக்கு, பிப்ல என்ன பேருங்கறத மறந்துருங்க, கோட்ல இம்போர்ட் பண்ற பேர தான் டெபியன்ல வைப்பாங்க. பிப்ல பில்லோன்னு இருக்கறது இங்க பைத்தான்3 ஹைஃபன் பிஐஎல், பியூட்டிஃபுல் சூப் வந்து பைத்தான்3 ஹைஃபன் பிஎஸ்4. கம்பைல் பண்ற தலைவலி இல்ல, கையெழுத்து சரிபாத்த பேக்கேஜ், ஓஎஸ் அப்கிரேட் பண்ணா கூடவே வரும், எடுத்தா ஆட்டோரிமூவ் போட்டு கூட வந்ததையும் தொடச்சிரும்.

ஆனா வெர்ஷன் உறைஞ்சு நிக்கும். டெபியன் ஸ்டேபிள்ல ஒரு ரிலீஸ் வந்தப்போ என்ன வெர்ஷனோ அதே தான் கடைசி வரைக்கும், ஓட்டைய அடைக்கற பேட்ச் மட்டும் பழைய வெர்ஷன்லயே ஒட்டி குடுப்பாங்க. இத தெரியாம வெர்ஷன் நம்பர பாத்து "ஐயோ பழசு, ஓட்டை இருக்கு"னு பதற வேண்டாம். உபுண்டுல மட்டும் இன்னொரு நுணுக்கம் இருக்கு, மெயின்ங்கற பிரிவுல இருக்கற பேக்கேஜுக்கு தான் அந்த 5 வருஷ செக்யூரிட்டி உத்தரவாதம், யூனிவர்ஸ்ங்கற பிரிவுல இருக்கறதுக்கு அந்த மாதிரி உறுதி வேணும்னா உபுண்டு ப்ரோ சந்தா பக்கம் போகணும், பைத்தான் லைப்ரரிகள்ல நெறைய யூனிவர்ஸ்ல தான் கெடக்கு. ஆப்ட் கேஷ் பாலிசின்னு அடிச்சு பக்கத்துல பேக்கேஜ் பேர போட்டா எதுல இருந்து வருதுன்னு காட்டும், ஒரு தடவ பாத்துக்கோங்க. உங்க அப்ளிகேஷனுக்கு ஜாங்கோ வெப் ஃப்ரேம்வொர்க்கோட புது வெர்ஷன் வேணும், இல்ல ஒரே சர்வர்ல ரெண்டு ஆப்புக்கு ரெண்டு வெர்ஷன் வேணும்னா ஆப்ட் ஆட்டத்துலயே இல்ல.

பிப்ப நேரா சூடோவோட போடறத பத்தி மேலயே சொல்லிட்டேன். சூடோ இல்லாம யூசர் ஃப்ளாக் போட்டு போடறது கொஞ்சம் சாது, உங்க ஹோம்குள்ள டாட் லோக்கல்ல போய் உக்காரும், ஆனா சர்வர்ல அது ஒரு கண்கட்டு வித்தை மாதிரி. நீங்க டெர்மினல்ல ஓட்டினா ஓடும், அதே ஸ்கிரிப்ட் நேரம் வச்சு தானா ஓட்டற க்ரான்ல ரூட்டாவோ சர்வீஸ்ல வேற யூசராவோ ஓடறப்போ "மாட்யூல் நாட் ஃபவுண்ட்"னு நிக்கும், அரை நாள் அதுலயே போயிரும். புது டெபியன்ல இதையும் அதே எரர் போட்டு தடுத்துர்றாங்க, நல்லதுக்கு தான்.

இப்ப வென்வ். பைத்தான் 3.3லேர்ந்து கூடவே வருது, 2012லேர்ந்துன்னு வச்சுக்கோங்க, தனியா எதையும் நம்ப வேண்டியதில்ல. ஒரே ஒரு எரிச்சல், டெபியன், உபுண்டுல அத தனி பேக்கேஜா பிரிச்சு வச்சிருக்காங்க, பைத்தான்3 ஹைஃபன் வென்வ்னு ஆப்ட்ல போடலன்னா என்சூர்பிப் இல்லன்னு திட்டும். வென்வ்னா ஏதோ பெரிய மாயம்னு பயப்படறவங்க ஒரு தடவ அந்த ஃபோல்டருக்குள்ள எல்எஸ் அடிச்சு பாருங்க. பின் ஃபோல்டர்ல சிஸ்டம் பைத்தானுக்கு கை காட்டற ஒரு சிம்லிங்க், லிப்ல பிப்ப தவிர பெருசா எதுவும் இல்லாத ஒரு சைட் பேக்கேஜஸ், ஒரு குட்டி கான்ஃபிக் ஃபைல், அவ்ளோதான். ஆக்டிவேட் பண்றதும் பெருசா ஒண்ணும் பண்ணல, கமாண்ட தேடற பாத் லிஸ்ட்ல அந்த பின் ஃபோல்டர முன்னாடி சேக்குது.

இது புரிஞ்சா சர்வர்ல ஆக்டிவேட்டே தேவையில்லன்னு புரிஞ்சுரும். சர்வீஸ ஓட்டற சிஸ்டம்டியோட யூனிட் ஃபைல்ல எக்ஸெக் ஸ்டார்ட் லைன்ல, ஓப்ட் ஃபோல்டர்குள்ள ஆப், அதுக்குள்ள வென்வ், அதுக்குள்ள பின், அதுக்குள்ள பைத்தான்னு முழு பாத்த குடுங்க, போதும், அது தன்னோட லைப்ரரிய தானா கண்டுபிடிச்சுக்கும். க்ரான்லயும் அதே தான். சோர்ஸ் ஆக்டிவேட்ட க்ரான்குள்ள போட்டு, க்ரான் எஸ்எச் ஷெல்ல ஓடறதால சோர்ஸ்ங்கற கமாண்டே இல்லன்னு எரர் வாங்கி, அதுக்கு பாஷ் ஷெல்ல சுத்தி வச்சு, இதெல்லாம் தேவையா?

வென்வ்ல ரெண்டு இடத்துல அடி வாங்குவீங்க. ஃபோல்டர் பேர மாத்தினாலோ வேற இடத்துக்கு நகத்தினாலோ உள்ள இருக்கற ஸ்கிரிப்ட்டெல்லாம் "பேட் இன்டர்பிரட்டர்"னு நிக்கும், ஏன்னா ஒவ்வொரு ஸ்கிரிப்ட் தலையிலயும் பழைய பாத் அப்படியே எழுதிருக்கும். இன்னொண்ணு ஓஎஸ் அப்கிரேட். 22.04லேர்ந்து 24.04 போறப்போ பைத்தான் 3.10லேர்ந்து 3.12 ஆயிரும், சிம்லிங்க் புது பைத்தான காட்டும், அது 3.12 பேர்ல இருக்கற ஃபோல்டர தேடும், உங்க லைப்ரரியெல்லாம் 3.10 ஃபோல்டர்ல தூங்கிட்டு இருக்கும், ஆப் காலி. ரெண்டுக்குமே மருந்து ஒண்ணு தான், வென்வ்வ ரிப்பேர் பண்ண பாக்காதீங்க, தூக்கி போட்டுட்டு புதுசா போடுங்க. அதுக்கு என்னென்ன லைப்ரரி வேணும்னு எழுதின ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைல் கையில இருக்கணும், அது இல்லாதவங்க தான் அழுவாங்க.

அந்த ஃபைல பத்தி ஒரு சண்ட எனக்கு இருக்கு. போட்டிருக்கறதெல்லாம் லிஸ்ட் போடற பிப் ஃப்ரீஸ் அடிச்சு வர்றத அப்படியே சேமிச்சா போதும்னு எல்லாரும் சொல்வாங்க. ரெக்வெஸ்ட்ஸ் ஒண்ணு தான் போட்டிருப்பீங்க, ஃப்ரீஸ் பண்ணா யூஆர்எல்லிப்3, ஐடிஎன்ஏ, செர்டிஃபை, சார்செட் நார்மலைசர்னு அஞ்சு லைன் வரும். ஆறு மாசம் கழிச்சு இதுல எது நான் கேட்டது, எது கூட ஒட்டிக்கிட்டு வந்ததுன்னு யாருக்கு தெரியும்? பிப் அன்இன்ஸ்டால் ரெக்வெஸ்ட்ஸ்னு அடிச்சா அது மட்டும் போகும், மிச்ச நாலும் அங்கயே கெடக்கும், ஆட்டோரிமூவ் மாதிரி ஒண்ணு பிப்ல கெடையாது. அதனால நான் கேட்டத மட்டும் ஒரு ஃபைல்ல கையால எழுதி வச்சு, பிப் டூல்ஸ்ல இருக்கற கம்பைல் கமாண்ட ஓட்டி முழு லிஸ்ட்ட தனி ஃபைலா எடுத்துக்கறேன். ஃபைலோட கைரேகை மாதிரி இருக்கற ஹேஷும் சேத்து எழுத சொன்னா, பின்னாடி யாராச்சும் அதே வெர்ஷன் பேர்ல வேற ஃபைல நீட்டினா பிப் போடவே போடாது.

கம்பைல் தலைவலியும் வென்வ் பக்கம் தான் வரும், அத மறைக்க விரும்பல. முன்னாடியே கம்பைல் பண்ணி வச்ச வீல் ஃபைல் இருந்தா ரெண்டு செகண்ட்ல முடியும், இல்லன்னா சோர்ஸ எறக்கி சர்வர்லயே கம்பைல் பண்ண ஆரம்பிக்கும், ஜிசிசி இல்லம்பான், பைத்தான் டெவ் ஹெடர் இல்லம்பான், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கான சைகாப்ஜி2 போட்டா பிஜி கான்ஃபிக் காணோம்பான், அதுக்கு லிப்பிக்யூ டெவ் ஆப்ட்ல போடணும். ரேம் 512 எம்பி மட்டும் இருக்கற குட்டி சர்வர்ல கம்பைல் பாதில "கில்டு"னு ஒரே வார்த்தையோட நின்னுச்சுன்னா குழம்பாதீங்க, டிமெசேஜ் கமாண்ட்ல பாத்தா கெர்னல் மெமரி பத்தாம கொன்னுருக்கும், கொஞ்சம் ஸ்வாப் போட்டுட்டு திரும்ப ஓட்டுங்க. ஆல்பைன் லினக்ஸ்ல கிளிப்சிங்கற சி லைப்ரரிக்கு பதில் மசல் இருக்கறதால மத்த லினக்ஸுக்கு போட்ட வீல் அங்க ஏறாது, அதுக்குன்னு தனி வீல் இருந்தா சரி, இல்லன்னா கம்பைல் தான்.

சில லைப்ரரி ஆப்ட்ல மட்டும் ஒழுங்கா கெடைக்கும், ஆப்ட்டயே பைத்தான்லேர்ந்து கன்ட்ரோல் பண்ற பைத்தான்3 ஹைஃபன் ஆப்ட் மாதிரி. அப்போ வென்வ் உருவாக்கறப்போ சிஸ்டம் சைட் பேக்கேஜஸ் ஃப்ளாக் போட்டா உள்ளேர்ந்து ஆப்ட் போட்டதும் தெரியும், நீங்க போடறது உள்ளயே நிக்கும். இது பாதி பேருக்கு தெரியறதில்ல, தேவைப்படற எடத்துல உயிர காப்பாத்தும்.

யூவி. 2024 பிப்ரவரில ஆஸ்ட்ரல் நிறுவனம் வெளியிட்டது, ரஸ்ட்ல எழுதினது, வேகம் உண்மையிலேயே வேற லெவல், பிப் டூல்ஸ் வேலை, வென்வ் வேலை, பைத்தான் இன்ஸ்டால் பண்ற வேலை எல்லாம் ஒரே டூல்ல முடியுது. ஒரே சர்வர்ல பத்து வென்வ் இருந்தா ஒரே கேஷ்லேர்ந்து ஹார்ட்லிங்க் போடறதால டிஸ்க்கும் மிச்சம். புது ப்ராஜெக்ட்டுக்கு நான் இதுக்கு தான் சாயறேன். ஆனா ரெண்டு குழி இருக்கு, ரெண்டுலயும் விழுந்து தான் சொல்றேன்.

யூவி போடற வென்வ்குள்ள பிப் இருக்காது. பழக்க தோஷத்துல ஆக்டிவேட் பண்ணிட்டு பிப் இன்ஸ்டால்னு அடிச்சா சிஸ்டம் பிப் ஓடி, நாம ஆரம்பத்துல பாத்த அதே எக்ஸ்டர்னலி மேனேஜ்டு எரர் வரும், வென்வ்குள்ள தான இருக்கேன் ஏன் இந்த எரர்னு மண்டைய பிச்சுக்குவீங்க. யூவி பிப் இன்ஸ்டால்னு அடிக்கணும். ரெண்டாவது இன்னும் மோசம். ரூட்டா லாக்இன் ஆயி யூவிய விட்டு பைத்தான் 3.13 போட சொன்னேன், ஆப் கையால ஓட்டி பாத்தா சூப்பரா ஓடுது, சர்வீஸா ஸ்டார்ட் பண்ணா 203 எக்ஸெக்னு சாகுது. அரை மணி நேரம் யூனிட் ஃபைலயே மொறச்சு பாத்துட்டு இருந்தேன். யூவி போடற பைத்தான் போட்டவங்களோட ஹோம்குள்ள போய் உக்காருது, நான் ரூட்டா போட்டதால அது ரூட் ஹோம்குள்ள இருக்கு, அந்த ஃபோல்டர்ல ரூட்ட தவிர யாரும் நுழைய முடியாது, வென்வ்ல இருக்கறது வெறும் சிம்லிங்க், சர்வீஸ் யூசர் அத தொட போய் கதவு சாத்தியிருக்கு. சர்வீஸ் ஓடற யூசராவே போட்டிருந்தா இந்த கூத்தே இல்ல.

மத்ததெல்லாம் வேகமா. பிப்எக்ஸ் லைப்ரரிக்கு இல்ல, கமாண்டா ஓட்டற டூலுக்கு, ஒவ்வொரு டூலுக்கும் தனி வென்வ் போட்டு கமாண்ட மட்டும் வெளிய நீட்டி வைக்கும், சர்வர்கள தானா செட்டப் பண்ற ஆன்சிபிள் மாதிரி ஒண்ண போட இத விட நிம்மதியான வழி இல்ல. கோண்டாங்கற பேக்கேஜ் மேனேஜர், சி லைப்ரரியும் கூட இழுத்துட்டு வரணும், மேப் வேலைக்கான ஜிடால், ஜிபியுக்கான குடா மாதிரி விஷயம்னா சரி, வெறும் வெப் ஆப்புக்கு அது யானைய கட்டி தீனி போடற கதை, அதோட 200 பேருக்கு மேல இருக்கற நிறுவனம்னா அனகோண்டாவோட டீஃபால்ட் சேனலுக்கு காசு கேக்கற விதி இருக்கு, கோண்டா ஃபோர்ஜ்னா அந்த பிரச்சனை இல்ல. ஆப்ப கன்டெய்னர்ல அடைச்சு ஓட்டற டாக்கர் ஏற்கனவே ஓடிட்டு இருந்தா அதுலயே போங்க, இல்லாத சர்வர்ல ஒரு லைப்ரரிக்காக டாக்கர் ஏத்தறது எனக்கு சம்மதம் இல்ல.

முடிவு பண்றதுக்கு முன்னாடி இன்னொரு விஷயத்த தராசுல வைக்கணும், போட்டப்புறம் யார் பாத்துக்கறது? ஆப்ட்ல போட்டா அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் தானா செக்யூரிட்டி பேட்ச் போட்டுக்கும். வென்வ்ல போட்டா அது உங்க தலைல, அந்த ஃபோல்டர் இருக்கறதே ஓஎஸ்க்கு தெரியாது. பிப் ஆடிட்னு ஒரு டூல் இருக்கு, ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைல குடுத்தா தெரிஞ்ச ஓட்டை இருக்கற வெர்ஷன சொல்லும், அத வாரம் ஒரு தடவ க்ரான்ல போட்டு மெயில் வர வச்சிருங்க. இன்ஸ்டால் அடிக்கறப்போ ஸ்பெல்லிங்கயும் ஒரு தடவ பாருங்க, பிப் லைப்ரரிய எறக்கற பொது களஞ்சியமான பைபிஐல யார் வேணா பேக்கேஜ் ஏத்தலாம், பிரபலமான பேர்ல ஒரு எழுத்து மாத்தி விஷத்த ஏத்தி வைக்கறது அங்க அடிக்கடி நடக்கறது தான். வாரா வாரம் அத கவனிக்க ஆள் இல்லாத சர்வர்னா, வெர்ஷன் பழசா இருந்தாலும் ஆப்ட்ல கெடைக்கறத வச்சு ஓட்டிக்கோங்கன்னு தான் சொல்வேன், அதுக்கு ஏத்த மாதிரி கோட கொஞ்சம் வளைச்சுக்கலாம்.

இப்ப என் கைல புது சர்வர் வந்தா பண்றது இது தான். சர்வர் பராமரிப்பு ஸ்கிரிப்ட்டுக்கு ஆப்ட். ஆப்புக்கு தனி யூசர், அந்த யூசராவே ஓப்ட்ல வென்வ், சின்ன ஆப்னா சாதா பிப், நாலஞ்சு பேர் சேந்து வேலை பாக்கற ப்ராஜெக்ட்னா யூவியும் வெர்ஷன பூட்டி வைக்கற அதோட லாக் ஃபைலும். சூடோவும் பிப்பும் ஒரே லைன்ல வராது. அந்த பழைய 20.04 சர்வர் மட்டும் இன்னும் ஓடிட்டு இருக்கு, யூஎஸ்ஆர் லோக்கல்ல நான் அப்போ சூடோ போட்டு எறக்கினதுல மிச்சம் இருக்கறது எல்லாம் அப்படியே கெடக்கு, எத எடுத்தா எது சாயும்னு தெரியாம நானும் ஒரு வருஷமா அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு தள்ளி போட்டுட்டு இருக்கேன்.